‘எல்லாம் அடக்கம்’ வாடகை வீடு: ரொறன்ரோவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எவ்வளவு?’. அடுத்த கேள்வி ‘எல்லாம் சேர்த்தா?’. மின்சாரம், சூடு, தண்ணீர் எல்லாவற்றுக்குமான பில்கள் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும் வீட்டை இங்கே ‘ஆல் இன்க்லூசிவ்’ என்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அப்படியொரு வீடு நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. மாதம் ஒரே தொகை. முதல் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கேஸுக்கு பில் எவ்வளவு வருமோ என்று பதற வேண்டியதில்லை. வேலை இன்னும் நிலையாகாத நேரத்தில் அந்த நிம்மதி பெரிது.

ஆனால் அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஒன்று நினைத்திருப்பார், நீங்கள் வேறொன்று நினைத்திருப்பீர்கள். டிசம்பரில்தான் அது வெளியே வரும். அதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுத வேண்டியதை எழுதி வாங்கிக்கொள்வது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். இங்கே சொல்லும் சட்ட விவரங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியவை. மொன்றியலிலோ வன்கூவரிலோ சட்டம் வேறு.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் தமிழர்கள் வாடகைக்கு விடும் பேஸ்மென்ட் (நிலத்தடித் தள) வீடுகள் பெரும்பாலும் வாய்வழியாகவும் வாட்ஸப் குழுக்களிலும்தான் கைமாறும். மற்றபடி கிஜிஜி என்ற விளம்பர இணையதளம், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கடைகளில் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டுகள். எங்கே பார்த்தாலும் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ‘ஹைட்ரோ’ என்றால் ஒன்ராறியோவில் மின்சாரம்; தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். ‘ஹைட்ரோ எக்ஸ்ட்ரா’ என்று போட்டிருந்தால் மின்சார பில் உங்கள் தலையில். ‘யுடிலிட்டீஸ் 30%’ அல்லது ‘40%’ என்றால் முழு வீட்டுக்கும் வரும் பில்களில் அந்தப் பங்கை நீங்கள் கொடுக்க வேண்டும். அதை எல்லாம் அடக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

‘ஆல் இன்க்லூசிவ்’ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் இணையம் அதில் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. யுடிலிட்டீஸ் என்பது வழக்கமாக மின்சாரம், சூடு, தண்ணீர் மட்டும்தான். வைஃபை, கார் நிறுத்துமிடம், துணி துவைக்கும் மெஷின் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தொடர்மாடிகளில் துவைக்கும் மெஷினுக்குக் காசோ கார்டோ போட வேண்டியிருக்கும். பேஸ்மென்டில் மெஷின் மேல்வீட்டாரோடு பொதுவாக இருக்கும். சனிக்கிழமை மட்டும்தான் துவைக்கலாம் என்று நாள் குறிக்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

சூடு எதிலிருந்து வருகிறது?

வீடு தேடும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். யார் கட்டுகிறார்கள் என்பதோடு, எதில் சூடாகிறது, அதைக் கூட்டிக் குறைப்பது யார் கையில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பழைய தொடர்மாடிகளில், அதாவது 1960களிலும் 70களிலும் கட்டிய உயரமான கட்டடங்களில், அடியில் ஒரு பெரிய கொதிகலன் இருக்கும். அதிலிருந்து சுடுதண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ரேடியேட்டரைச் சூடாக்கும். அந்தச் சூட்டை வீடு வீடாக அளந்து பில் போடுவது சிரமம், அதனால் பெரும்பாலும் வாடகைக்குள்ளேயே இருக்கும். இப்படிப்பட்ட கட்டடத்தில் ‘ஹைட்ரோ எக்ஸ்ட்ரா’ என்றால் பயப்படத் தேவையில்லை. விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, மின்சார அடுப்பு, கணினி, அவ்வளவுதான்.

ஆனால் சில வீடுகளில் சுவரின் அடியோடு நீளமாக ஓர் உலோகப் பெட்டி ஓடும். பேஸ்போர்டு ஹீட்டர் என்பது அதுதான். அது மின்சாரத்தில் ஓடுகிறது. அங்கே ‘ஹீட் இன்க்லூடெட், ஹைட்ரோ எக்ஸ்ட்ரா’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. ஹைட்ரோவைக் கட்டுகிறவர்தான் சூட்டுக்கும் கட்டுகிறார். ஜனவரியில் பேஸ்போர்டு ஹீட்டர் இரவும் பகலும் ஓடினால் பில் எப்படி ஏறும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வீட்டுக்குள் போனதும் சுவரடியைப் பாருங்கள்.

புதிய கொண்டோக்கள், அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சொந்தக்காரர் உள்ள தொடர்மாடிகள், வேறு மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் இருக்கும். மீட்டர் வைக்கிற கம்பெனி நேராக உங்களுக்கு பில் அனுப்பும். சில கட்டடங்களில் மின்சாரத்தோடு சூடு, குளிர், சுடுதண்ணீர் எல்லாமே அந்த பில்லில் வரும். வாடகை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

அடுத்தது தனி வீட்டின் பேஸ்மென்ட். வீடு முழுவதற்கும் காற்றைச் சூடாக்கி அனுப்பும் ஒரே ஃபர்னஸ், பெரும்பாலும் கேஸில் ஓடுவது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மேலே, வீட்டுக்காரரின் வரவேற்பறைச் சுவரில் இருக்கும். அவர்கள் காலையில் வேலைக்குப் போகும்போது பதினாறு பாகைக்கு இறக்கிவிட்டுப் போனால், இரவு வேலை முடித்துக் கீழே தூங்குகிற நீங்கள் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். வெப்பக் காற்று மேலே போகிற இயல்புடையது. மேலே இருபத்திரண்டு என்று காட்டும்போதே கீழே தரை சில்லென்று இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி தன் முதல் குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்த பனியைக் கரண்டியால் சுரண்டினாள். வாடகையில் சூடு அடக்கம்தான். வீட்டுக்காரர் சூடு தரவில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. ரொறன்ரோ நகரின் விதிப்படி குளிர் மாதங்களில் வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் சூடு தர வேண்டும். மாகாணத்தின் பொதுவான அளவு 20 பாகை. பிரம்டன், மார்க்கம், ஏஜாக்ஸ் எல்லாம் தனி நகரங்கள். அங்கே இருப்பவர்கள் தங்கள் நகரசபையின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ்மென்ட் பார்க்கப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: “தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது அண்ணா? குளிர்காலத்தில் எத்தனையில் வைப்பீர்கள்?” நல்ல வீட்டுக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஒரு சின்னக் கணக்கு

எல்லாம் அடக்கமான வீடு 1,800 டாலர் என்றும், அதே தெருவில் இன்னொன்று 1,650 டாலரோடு பில்களில் 40% என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பார்வைக்கு இரண்டாவது மலிவு. அந்த வீட்டுக்கு ஒரு குளிர்கால மாதத்தில் மின்சாரம் 150, கேஸ் 250, தண்ணீர் 100 என்று மொத்தம் 500 டாலர் வந்தால் உங்கள் பங்கு 200. ஆக 1,850. கோடையில் மொத்தம் 300 டாலராகக் குறைந்தால் பங்கு 120, ஆக 1,770. வருடக் கணக்கில் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இவை கணக்குக்காக நான் போட்ட எண்கள். நீங்கள் பார்க்கிற வீட்டின் உண்மையான எண்களைக் கேட்டு வாங்குங்கள். போன ஜனவரி பில்லையும் போன ஜூலை பில்லையும் காட்டச் சொன்னால் போதும்.

பங்கு முறையில் இன்னொரு சிக்கல்: மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஊரிலிருந்து அவர்களுக்கு விருந்தாளிகள் வந்து மூன்று மாதம் தங்கினால் தண்ணீர் பில் ஏறும். இப்போது மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் கூடிவிட்டார்கள். இரவிரவாக அந்தக் கார் சார்ஜ் ஆவதும் அதே மீட்டரில்தான். தண்ணீர் பில் ரொறன்ரோவில் வீட்டுக்காரர் பெயருக்கு வருடத்துக்கு மூன்று முறைதான் வரும். நான்கு மாதக் காசை ஒரே நாளில் கேட்பார்கள். பங்கு முறையைத் தவிர்க்க முடியாவிட்டால், ‘பில்லின் நகலைத் தந்த பிறகே பங்கு கொடுப்பேன்’ என்று எழுதி வாங்குங்கள். அதைவிட நல்லது, மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி முடித்து வாடகையோடு சேர்த்துவிடுவது.

பில்கள் உங்கள் பெயரில் இருப்பதில் நன்மை இல்லாமலில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மின்சார பில்லில் மாதாமாதம் கழிவு தரும் ஒன்ராறியோ மாகாணத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க மின்சாரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நேரத்துக்கு ஒரு விலை என்ற முறையில், வார நாட்களில் இரவு 7 முதல் காலை 7 வரையும் சனி, ஞாயிறு முழுவதும் மின்சாரம் மலிவு. கவனமாகப் பாவிக்கிற குடும்பத்துக்கு இது உதவும். ஆனால் வந்து இறங்கிய முதல் வருடத்தில் இதையெல்லாம் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தனி வீடு முழுவதையும் எடுக்கிறவர்கள் சுடுதண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் கேளுங்கள். இங்கே பல வீடுகளில் அந்தத் தொட்டியே ஒரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். அந்த மாத வாடகையை யார் கட்டுவது என்று பேசாமல் விட்டால், குடிபோன பிறகு உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வரும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். கோடையில் பார்க்கிற வீட்டைக் குளிர்காலத்துக்காகப் பாருங்கள். ஃபர்னஸ் காற்று வருகிற துவாரம் ஒவ்வொரு அறையிலும் இருக்கிறதா? சூட்டைப் போடச் சொல்லிவிட்டு, கையைத் துவாரத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்து ஓட விடுங்கள். வீட்டுக்காரர் மேலே பாத்திரம் கழுவும்போதும் சூடாக வருகிறதா என்று கேளுங்கள். ஜன்னல் ஓரங்களிலும் அலமாரியின் பின்பக்கச் சுவரிலும் பூஞ்சணக் கறை இருந்தால், அல்லது புதிதாக ஒரு மூலைக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால், ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரமான அறையை எவ்வளவு சூடாக்கினாலும் குளிரும்.

சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் பெட்டி எங்கே என்று பாருங்கள். பேஸ்மென்ட்வாசிகள் ரைஸ் குக்கரையும் மைக்ரோவேவையும் ஒரே நேரத்தில் போட்டு, பிரேக்கர் விழுந்து, அதை ஏற்றிவிடப் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பது இங்கே வழக்கமான கதை. பெட்டி பூட்டிய அறைக்குள் இருந்தால் வழி கேட்டு வையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டதை விட்டுவிடக் கூடாது. கேஸ் ஃபர்னஸ் இருக்கிற வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி படுக்கையறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும், படுக்கும் இடத்துக்கு வெளியேயும் புகைக் கருவி வேண்டும். தீப்பிடித்தால் ஆள் வெளியேறக்கூடிய அளவில் ஜன்னலோ இன்னொரு வழியோ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த வீட்டை விட்டுவிடுங்கள். நூறு டாலர் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

காசு கொடுக்கும் முன்

வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முற்பணத்தை இ-டிரான்ஸ்ஃபர் செய்தால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று சொல்பவர் எவராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். இன்னும் ஊரிலேயே இருந்தபடி வீடு தேடுகிற மாணவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். வந்து முதல் இரண்டு வாரம் தங்க உறவினர் வீடோ குறுகிய கால அறையோ ஏற்பாடு செய்துகொண்டு, பிறகு நேரில் போய்ப் பார்த்து எடுங்கள்.

வீட்டுக்காரர் சட்டப்படி கேட்கக்கூடிய முற்பணம் ஒரு மாத வாடகை மட்டும். அது கடைசி மாத வாடகைக்கு உரியது. அதனால்தான் குடிபோகும்போது ‘முதல் மாதமும் கடைசி மாதமும்’ என்று இரண்டு மாதக் காசு கேட்பார்கள். அதோடு சாவிக்கு ஒரு தொகை வாங்கலாம். அது சாவியை மாற்ற ஆகும் செலவைத் தாண்டக் கூடாது, சாவியைத் திருப்பிக் கொடுத்ததும் திரும்ப வர வேண்டும். வீடு பழுதானால் என்று ஒரு முற்பணம், நாய் பூனைக்கு ஒரு முற்பணம், யுடிலிட்டி முற்பணம், ஆறு மாத வாடகை முன்கூட்டியே — இவற்றைக் கட்டாயம் என்று கேட்க ஒன்ராறியோவில் சட்டம் இடம் தரவில்லை. முன்தேதியிட்ட காசோலைகளையும் கட்டாயமாகக் கேட்க முடியாது. நீங்கள் விரும்பினால் கொடுக்கலாம்.

கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) இல்லையே என்று புதியவர்கள் கூனிக்குறுகுகிறார்கள். வந்து இரண்டு மாதமான ஒருவருக்கு அது இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கடன் வரலாறு இல்லாததையே குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் சொல்லியிருக்கிறது. வேலைக் கடிதம், வங்கிக் கணக்கின் இருப்பு, கல்லூரி அனுமதிக் கடிதம், முடிந்தால் இங்கே வேலையில் இருக்கும் ஓர் உறவினரின் உத்தரவாதம் — இவற்றை ஒரே கோப்பாக வைத்துக்கொண்டு போங்கள். பத்துப் பேர் பார்க்க வந்த வீட்டில் கோப்போடு வந்தவருக்கு மதிப்பு இருக்கும்.

லீஸில் ஆறாவது பகுதி

2018 ஏப்ரல் 30 முதல் ஒன்ராறியோவில் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாண அரசே தயாரித்த ஒரே மாதிரியான லீஸ் (வாடகை ஒப்பந்த) படிவத்தைத்தான் பாவிக்க வேண்டும். அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வீடு பார்க்கப் போகும் முன்பே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அதில் ஆறாவது பகுதிதான் இந்தக் கட்டுரைக்கு உயிர். மின்சாரம், சூடு, தண்ணீர் மூன்றுக்கும் தனித்தனியாக, பொறுப்பு வீட்டுக்காரருடையதா குடியிருப்பவருடையதா என்று குறியிட வேண்டும். கேஸ், ஏசி, துவைக்கும் வசதி, பொருட்கள் வைக்கும் இடம், விருந்தாளிகளின் கார் நிறுத்துமிடம் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் இருக்கும். மேலதிக விவரம் எழுத வரி இருக்கும். அந்த வரியை வெறுமையாக விடாதீர்கள். ‘வைஃபை வாடகையில் அடக்கம்’, ‘துவைக்கும் மெஷின் இலவசம், வாரத்தில் எல்லா நாளும்’, ‘குளிர்காலத்தில் சூடு 21 பாகைக்குக் குறையாது’ என்று வாயால் பேசியதையெல்லாம் அங்கே ஏற்றுங்கள். ஜன்னல் ஏசி வைக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள். ஹைட்ரோ அடக்கமான கட்டடங்களில் கோடையில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பதுண்டு.

“தமிழ் ஆக்கள்தானே, எதற்குத் தம்பி எழுத்து?” என்று சிலர் கேட்பார்கள். நல்ல மனதோடு கேட்பவர்கள்தான் அதிகம். ஆனாலும் எழுதுங்கள். வீடு இன்னொருவருக்கு விற்கப்பட்டால் புதிய சொந்தக்காரருக்கு அந்த லீஸ்தான் தெரியும். உங்களோடு தேநீர் குடித்துக்கொண்டே பேசியது தெரியாது. “எல்லாம் உங்கள் பாதுகாப்புக்கும்தான் அண்ணா” என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். படிவத்தைத் தர மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். கேட்ட நாளிலிருந்து 21 நாளில் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையைப் பாவிக்குமுன் ஒரு சட்ட உதவி மையத்தில் கதைத்துவிட்டுச் செய்யுங்கள்.

‘யுடிலிட்டீஸ் அடக்கம், மாதம் 150 டாலர் வரை’ என்று ஓர் எல்லை போட்டிருந்தால் அதைத் தாண்டுவது உங்கள் பொறுப்பு ஆகிவிடும். யாருடைய மீட்டரில், யாருடைய பாவனையை வைத்து அளப்பது என்று கேளுங்கள். பொது மீட்டர் உள்ள வீட்டில் இந்த எல்லைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எல்லை எதுவும் எழுதாமல் அடக்கம் என்று மட்டும் இருந்தால், பில் ஏறிவிட்டது என்று பிறகு தனியாகக் காசு கேட்க முடியாது.

எல்லாம் அடக்கமான வாடகையின் பெரிய பலமும் இதில்தான். வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம். என்1 என்ற படிவத்தில் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். எவ்வளவு கூட்டலாம் என்று மாகாணம் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும்: 2025க்கு 2.5%, 2026க்கு 2.1%. கேஸ் விலை நடுவில் எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு அவ்வளவுதான். ஒன்றைக் கவனியுங்கள்: 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய கட்டடங்களுக்கு இந்தச் சதவீத எல்லை கிடையாது. அதற்குப் பிறகு புதிதாக அமைத்த பேஸ்மென்ட் வீடுகளும் சில நிபந்தனைகளோடு இதில் சேரும். அங்கே 90 நாள் அறிவிப்பு மட்டும் கொடுத்து எவ்வளவும் கூட்டலாம். அதனால் கட்டடம் எப்போது கட்டியது என்றும் கேளுங்கள்.

அறை மட்டும் எடுக்கிறவர்கள்

மாணவர்கள் பலர் ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்து, சமையலறையையும் குளியலறையையும் அவர்களோடு பகிர்ந்துகொள்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரரோடோ அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டும் என்ற ஏற்பாட்டில் இருந்தால், 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன பாதுகாப்புகளில் பெரும்பாலானவை கிடைக்காது. அதற்காக அறை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அன்பாகப் பார்த்துக்கொள்கிற குடும்பங்கள் நிறைய. நீண்ட காலத்துக்குப் பெரிய தொகையை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், எத்தனை நாள் முன்னறிவிப்பில் போகலாம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

தனிக் கதவு, தனிச் சமையலறை, தனிக் குளியலறை உள்ள பேஸ்மென்டுக்குச் சட்டம் பொருந்தும். நகரசபையின் அனுமதி இல்லாமல் அமைத்த பேஸ்மென்ட் என்றாலும் குடியிருப்பவரின் உரிமை போய்விடாது. இதைத் தெரியாமல் பயந்து வாய்மூடி இருப்பவர்கள் அதிகம்.

குடிபோன பிறகு

முதல் நாளே எல்லா அறைகளையும் போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு ஒரு பிரதியை அனுப்பிவிடுங்கள். வாடகையை இ-டிரான்ஸ்ஃபரில் கொடுங்கள், எந்த மாதத்துக்கு என்று குறிப்பில் எழுதுங்கள். கையில் காசாகத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் ரசீது கேளுங்கள். கேட்டால் இலவசமாக ரசீது தர வேண்டும் என்பது சட்டம். வருமான வரி தாக்கல் செய்யும்போது கட்டிய வாடகையைக் காட்டி ஒன்ராறியோ டிரில்லியம் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது கையில் வருகிற காசு. ரசீது இல்லை என்று அதை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

குளிர்காலம் தொடங்கும்போது ஒரு சின்ன வெப்பமானி வாங்கி, ஜன்னலுக்குப் பக்கத்தில் இல்லாமல் அறையின் நடுவே வையுங்கள். 21க்குக் கீழே போனால் வெப்பமானியைப் போட்டோ எடுத்து, நேரம் போட்டு, வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: “அண்ணா, காலையில் 17 காட்டுகிறது, கொஞ்சம் கூட்டிவிட முடியுமா?” பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும், ஏனென்றால் மேலே இருப்பவருக்குக் கீழே எப்படி இருக்கிறது என்று உண்மையிலேயே தெரிந்திருக்காது. தீராவிட்டால் நகரசபையின் 311 எண்ணுக்கு அழையுங்கள். தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். மின் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகி இரவு முழுவதும் ஓடவிட்டுச் சமாளிக்காதீர்கள். அது தீ விபத்துக்கு வழி.

வாடகை பாக்கி இருந்தாலும்கூட, தான் தர வேண்டிய மின்சாரம், தண்ணீர், சூடு, கேஸ் எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. கோபத்தில் பிரேக்கரை இறக்கிவிடுவது சட்டவிரோதம். வீட்டு முன் பனி அள்ளுவதும் அடிப்படையில் அவர் பொறுப்பு. உங்களை அள்ளச் சொன்னால் அதற்குத் தனியாக ஓர் ஒப்பந்தமும் அதற்கு ஈடும் இருக்க வேண்டும்.

நடுவில் மாற்றச் சொன்னால்

ஒரு வருடம் கழித்து, ‘இனி ஹைட்ரோவை நீங்களே கட்டுங்கள், தனி மீட்டர் போடப் போகிறோம்’ என்று கடிதம் வரலாம். பெரிய கட்டடங்களில் இது வழக்கம். ஏற்கெனவே மின்சாரம் அடக்கமாகக் குடியிருப்பவரிடம் எழுத்துச் சம்மதம் வாங்காமல் இதைச் செய்ய முடியாது. சம்மதித்தால் வாடகையையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கதவைத் தட்டி, ஒரு தாளை நீட்டி, ‘மீட்டர் பார்க்க வந்தோம், ஒரு கையெழுத்து’ என்றால் போட்டுவிடாதீர்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, எவ்வளவு குறைக்கிறார்கள், உங்கள் மாதப் பாவனைக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பேஸ்போர்டு ஹீட்டர் உள்ள வீடு என்றால் நான் சம்மதிக்கவே மாட்டேன்.

வாடகையில் அடங்கிய ஒரு வசதியைப் பேசாமல் எடுத்துவிட்டால், வாடகையைக் குறைக்கக் கோரி, வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வீட்டுரிமையாளர்–குடியிருப்பாளர் வாரியத்தில் டி3 படிவத்தில் முறையிடலாம். சூட்டையோ தண்ணீரையோ நிறுத்தியிருந்தால் டி2. வாரியத்தில் விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதனால்தான் போட்டோக்களும் செய்திகளும் முக்கியம். சட்ட உதவிக்குப் பணம் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் சமூகச் சட்ட உதவி மையம் இருக்கிறது. தெற்காசியர்களுக்கென்றே ரொறன்ரோவில் ஒரு மையம் உண்டு. தமிழில் கதைக்க ஆள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். எந்த மையம் உங்கள் பகுதிக்கு உரியது என்று தெரியாவிட்டால் சமூக சேவைத் தகவல் எண்ணான 211ஐ அழைத்தால் சொல்வார்கள்.

வீட்டை விட்டுப் போகும்போது

ஒரு வருட லீஸ் முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றோ புது லீஸ் போட வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. அது தானாக மாதத்துக்கு மாதம் என்று தொடரும், யுடிலிட்டீஸ் அடக்கம் என்ற நிபந்தனையோடு. போக நினைத்தால் என்9 படிவத்தில் 60 நாள் முன்னறிவிப்பு கொடுங்கள். அந்த 60 நாள் முடிந்து, வாடகை மாதத்தின் கடைசி நாளில் வெளியேறுவதாக இருக்க வேண்டும். கடைசி மாதத்துக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை, முதலிலேயே கொடுத்த காசு அதற்குத்தான். அந்தக் காசுக்கு வருடாவருடம் வட்டியும் உங்களுக்குச் சேர வேண்டும், அந்தந்த வருடத்தின் வாடகை உயர்வுச் சதவீத அளவில். இடையில் வாடகை கூடியிருந்தால் முற்பணத்துக்கும் புதிய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தில் அந்த வட்டியைக் கழித்துக்கொள்ளலாம். சாவியைக் கொடுத்து, சாவிக் காசை வாங்கி, இணையத்தையும் டெனன்ட் இன்சூரன்ஸையும் (குடியிருப்பவர் எடுக்கும் காப்புறுதி) புது முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.